சென்னைப் புறநகரில் வாடகைக்கு விட வீடு வாங்குதல்: கணக்குப் போடுவதிலிருந்து சாவியைத் திரும்ப வாங்குவது வரை

வாடகைக்கு விடுவதற்காக வீடு வாங்கப் போவதாகச் சொல்லி யாராவது என்னிடம் யோசனை கேட்டால், எந்தப் பகுதி, எத்தனை சதுர அடி என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், ஆண்டு முடிவில் கையில் எவ்வளவு நிற்கும் என்று எழுதிப் பார்த்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். சென்னையின் தென்புறநகரில் இரண்டு அடுக்குமாடி வீடுகளைப் பதினான்கு ஆண்டுகளாக வாடகைக்கு விட்டு வருகிறேன். அவற்றின் வரவும் செலவும் ஒரே நோட்டில் இருக்கின்றன. அந்த நோட்டைப் புரட்டும்போது எந்த வரிசையில் வேலைகள் நடந்திருக்க வேண்டும் என்று தெரிகிறதோ, அந்த வரிசையில் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் சட்டமும் வழக்கமும் தமிழ்நாட்டுக்கு உரியவை.

முதல் படி: கையில் நிற்கும் தொகை

55 லட்சம் ரூபாய்க்கு இரண்டு படுக்கையறை வீடு ஒன்று விலைக்கு வருகிறது, அதற்கு மாதம் 17,000 ரூபாய் வாடகை கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். தரகர் உடனே ஒரு கணக்குச் சொல்வார்: ஆண்டுக்கு 2,04,000 ரூபாய், அதாவது ஏறத்தாழ 3.7 சதவீதம். வாங்கும் செலவும் நடத்தும் செலவும் அந்தக் கணக்கில் வருவதில்லை. தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகின்றன. 55 லட்சத்துக்கு இது 4,95,000 ரூபாய். தரகு 55,000, குடிவைக்கும் நிலைக்குக் கொண்டுவரும் வேலைகளுக்கு 75,000 என்று சேர்த்தால், உண்மையில் போட்ட முதல் 61,25,000 ரூபாயாகிறது.

அடுத்து ஆண்டுச் செலவுக்கு வருவோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மாதமாவது வீடு காலியாகக் கிடக்கும் என்பதால் ஆண்டுக்கு அரை மாத வாடகையான 8,500 ரூபாயைக் கழிக்க வேண்டும். சொத்து வரி 6,000, குழாய், மோட்டார், ஒயரிங் என வரும் பழுதுகளுக்கு 12,000, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வண்ணம் பூச ஒதுக்க வேண்டிய 10,000, காப்பீட்டுக்கு 2,500 என எல்லாம் சேர்ந்து 39,000 ரூபாய். மிஞ்சுவது 1,65,000 ரூபாய். போட்ட முதலுக்கு 2.7 சதவீதம். வங்கி வைப்புநிதியே இதைவிடக் கூடுதலாகத் தரும்.

பிறகு எதற்கு வீடு வாங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. வாடகை ஆண்டுதோறும் சிறிதளவு ஏறும், வைப்புநிதியின் அசல் அப்படியே நிற்கும். இடத்தின் மதிப்பும் நீண்ட காலத்தில் கூடலாம். ஓய்வுக் காலத்தில் நாமே குடிபோகவும் முடியும். இவற்றில் ஒன்றாவது உங்களுக்கு உண்மையிலேயே பொருந்த வேண்டும். மாத வருமானம் மட்டுமே தேவை என்றால், பெரும் விலையுள்ள அடுக்குமாடி வீடு அதற்குப் பொருத்தமான வழியாக எனக்குத் தோன்றவில்லை.

கடன் வாங்கி வாங்குவோர் இன்னும் ஒரு வரி எழுதிப் பார்க்க வேண்டும். 40 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 34,700 ரூபாய் வரும், வாடகையோ 17,000. மீதியைச் சம்பளத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் போட வேண்டும்; வீடு காலியாக இருக்கும் மாதத்தில் முழுத் தவணையும் நம் தலையில். வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று சொல்லி விற்பவரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். விலையில் பாதிக்கு மேல் கடன் வாங்கி வாடகை வீடு வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாம் படி: இடத்தை மே மாதத்திலும் நவம்பரிலும் பார்த்தல்

சென்னையில் ஒரு வீட்டின் வாடகை மதிப்பைப் பேருந்து நிறுத்தமும் ரயில் நிலையமும் பாதி தீர்மானித்தால், மறுபாதியைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. இதை நான் 2019 கோடையில் படித்துக்கொண்டேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டுபோன அந்த ஜூன் மாதத்தில், என் வீடு இருக்கும் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணறும் வற்றியது. வீட்டு உரிமையாளர்கள் சங்கம் தனியார் லாரித் தண்ணீர் வாங்கி, செலவை வீட்டுக்கு வீடு பிரித்தது. காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் மட்டும் தண்ணீர் வந்ததால், கைக்குழந்தையோடு இருந்த குடும்பம், "இனிமே முடியாது சார், எங்களத் தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வேறு இடம் போனது. அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. அதன்பின் வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. வாங்கும்போது மார்பிள் தரையைத் தட்டிப் பார்த்த நான், கிணற்றின் ஆழத்தைக் கேட்கவே இல்லை.

ஆகவே வீடு பார்க்கப் போகும்போது, குடிநீர் வாரிய இணைப்பு இருக்கிறதா, ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, கோடையில் லாரி வாங்கினார்களா, அதற்காக மாதப் பராமரிப்புத் தொகை எவ்வளவு ஏறியது என்ற நான்கையும் சங்கச் செயலாளரிடமும் காவலாளியிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இருவர் பதிலும் ஒத்துப்போனால் நம்பலாம். குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவந்து உப்பின் அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது. கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் சேர்கிறதா, தொட்டியில் தேங்கி லாரியில் போகிறதா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பின்னது தொடர்செலவு.

மழையைப் பற்றியும் இதே கவனம் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை சுற்றுவட்டாரங்களிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அங்கே கடை வைத்திருப்பவர்கள் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். நவம்பர் மழை நாளொன்றில் அந்தத் தெருவில் நடந்து பார்த்தால் போதும். தரைத்தளத்தில் தண்ணீர் புகும் கட்டடத்தில் இரண்டாம் மாடி வீடும் வாடகை இழக்கும், ஏனெனில் மின்மீட்டர்களும் மோட்டாரும் வண்டிகளும் கீழேதான் இருக்கின்றன.

வாடகை மதிப்பை அறிய இணைய விளம்பரங்களை மட்டும் நம்ப வேண்டாம். அவை கேட்கும் தொகைகள், கிடைக்கும் தொகைகள் வேறு. அதே குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் இருவரிடம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்றும், முன்பிருந்தவர் எத்தனை மாதம் இருந்தார் என்றும் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: ஆவணங்கள்

வாடகைக்கு விடும் வீடு என்பதால் ஆவணச் சோதனை எளிதாகிவிடாது. தாய்ப்பத்திரம் எனப்படும் மூல உரிமைப் பத்திரம் தொடங்கி இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா, 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றில் அடமானமோ நிலுவையோ தெரிகிறதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, கட்டட அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமோ உள்ளாட்சி அமைப்பிடமோ முறைப்படி பெறப்பட்டதா என்பவற்றை, விற்பவருக்கோ வங்கிக்கோ வேலை செய்யாத ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்துரை வாங்குங்கள். வெறும் பொது அதிகாரப் பத்திரத்தையும் (பவர் பத்திரம்) விற்பனை உடன்படிக்கையையும் வைத்து வீட்டைக் கைமாற்றினால் உரிமை மாறாது என்று உச்சநீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. விலை மலிவு என்று அப்படிப்பட்ட வீட்டை வாங்காதீர்கள்.

அடுக்குமாடி வீட்டில் நாம் வாங்கும் நிலையான பொருள், நிலத்தில் உள்ள பிரிக்கப்படாத பங்கு, அதாவது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான மனையில் நம் வீட்டுக்கு உரிய பங்கு. கட்டடம் தேயும், நிலம் தேயாது. 25, 30 ஆண்டுகள் ஆன கட்டடத்தை மறுகட்டுமானம் செய்யும் பேச்சு வரும்போது அந்தப் பங்கின் அளவுதான் பேசும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்ய வழி திறந்திருப்பதால், பழைய குடியிருப்பில் குறைந்த விலைக்கு, நல்ல நிலப் பங்கோடு கிடைக்கும் வீட்டை நான் புதிய உயர்மாடிக் கட்டடத்துக்கு மேலாகவே மதிப்பேன். புதிய திட்டம் என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைச் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

விலை 50 லட்சத்தை எட்டினால், வாங்குபவரே 1 சதவீதம் வரியைப் பிடித்து விற்பவரின் நிரந்தரக் கணக்கு எண்ணில் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவராக இருந்தால் விகிதமும் முறையும் முற்றிலும் வேறு. பதிவுக்கு முன்பே கணக்காளரைப் பாருங்கள்.

நான்காம் படி: வீட்டைத் தயாராக்குதல்

நாம் குடியிருக்க ஆசைப்படும் வீட்டையும் வாடகைக்கு விடும் வீட்டையும் ஒரே மாதிரி அலங்கரிப்பது வீண். குழாய்களும் கதவுப் பூட்டுகளும் நல்ல தரத்தில் இருக்கட்டும். சமையலறை அலமாரியும் படுக்கையறையில் ஒரு அலமாரியும் கொசுவலை அடித்த சன்னல்களும் இருந்தால் வீடு விரைவில் நிரம்பும். பொய்க்கூரையும் வண்ண விளக்குகளும் வாடகையை உயர்த்துவதில்லை.

ஐந்தாம் படி: குடிவருவோரைத் தேர்ந்தெடுத்தல்

வாடகையைச் சற்று உயர்த்திப் பிடித்து நல்ல குடும்பத்தை இழப்பதுதான் புதிய உரிமையாளர்கள் அதிகம் செய்யும் தவறு. 17,000 தரத் தயாராக இருப்பவரை விட்டுவிட்டு 18,000-க்காக ஒரு மாதம் காத்திருந்தால், ஆண்டு முழுவதும் கிடைக்கும் கூடுதல் தொகை 12,000. காத்திருந்ததில் போனது 17,000. இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டவர் வாடகை பேசும் விதமே மாறிவிடும்.

வருபவர் எங்கே வேலை செய்கிறார், வருமானத்தில் வாடகை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா, முந்தைய வீட்டை ஏன் விடுகிறார் என்று கேட்பது நம் உரிமை. முந்தைய உரிமையாளரின் தொலைபேசி எண்ணை வாங்கி ஒருமுறை பேசுங்கள். இப்போதைய உரிமையாளரைவிட அதற்கு முன்னிருந்தவர் சொல்வது பயனுள்ளது, ஏனென்றால் இப்போதையவர் சிலவேளை காலிசெய்தால் போதும் என்றே நல்ல வார்த்தை சொல்லிவிடுவார். அடையாள ஆவணங்களின் நகலை வாங்கிக் காவல் நிலையத்துக்குரிய குடியிருப்போர் விவரப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாதியையும் மதத்தையும் கேட்டு வீடு மறுப்பதும், 'சைவம் மட்டும்' என்று பலகை மாட்டுவதும் நம் ஊரில் இன்னும் நடக்கின்றன. இது மனிதரைச் சிறுமைப்படுத்துகிறது என்பதே இதைக் கைவிடப் போதுமான காரணம். என் நோட்டில் உள்ளதையும் சொல்கிறேன்: வாடகையை ஐந்தாம் தேதிக்குள் தவறாமல் அனுப்பி, ஆறு ஆண்டு இருந்து, வீட்டைப் புதிது போலத் திருப்பித் தந்தவர், அதே குடியிருப்பில் மூன்று வீட்டுக்காரர்கள் உணவுப் பழக்கத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியவர்.

ஆறாம் படி: ஒப்பந்தம்

1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரே வாடகை அதிகாரி. பதிவை இணையவழியில் செய்யலாம். சிறு மதிப்பு முத்திரைத் தாளில் 11 மாதத்துக்கு எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்ற பழக்கம், ஓராண்டுக்கு மேற்படாத குத்தகையைப் பதிவுசெய்வதைப் பதிவுச் சட்டம் கட்டாயமாக்காததால் வந்தது. புதிய சட்டத்தில் அந்தக் கால வரம்பு நம்மைக் காப்பாற்றாது. பதிவுசெய்யாத தாளை வைத்துக்கொண்டு வாடகை நீதிமன்றத்தில் நிற்பது இரு தரப்புக்கும் கடினம்.

முன்பணம் பற்றி ஒரு சொல். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. வேறாக ஒப்புக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நான் மூன்று மாதம் மட்டுமே வாங்குகிறேன், அதையும் தனி வைப்புநிதியாக வைக்கிறேன். முன்பணம் நம் பணமாகாது என்பதை மறந்தவர்கள்தான் காலிசெய்யும் நாளில் அடுத்த குடித்தனக்காரர் வரும்வரை பொறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிட ஆபத்தானது லீசு என்று வழங்கும் முறை. சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டு குடிவைத்து, முடிவில் முழுத் தொகையையும் திருப்பித் தருவது அது. அந்தத் தொகை உண்மையில் நாம் வாங்கும் கடன். கல்யாணச் செலவுக்கோ வேறு கடனை அடைக்கவோ அதை எடுத்துவிட்டால், திருப்பித் தர இன்னொருவரிடம் லீசு வாங்க வேண்டியதுதான். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கும்போது வங்கி அறியாமல் லீசுக்கு விட்டால், தவணை தவறியதும் உள்ளே இருக்கும் குடும்பம் பணத்தையும் வீட்டையும் ஒருசேர இழக்கும் நிலை வரும். மாத வாடகையோடு நின்றுகொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் வாடகை, செலுத்தும் தேதி, ஆண்டு உயர்வின் சதவீதம், பராமரிப்புத் தொகையையும் மின்கட்டணத்தையும் கட்டுபவர், காலிசெய்யத் தர வேண்டிய முன்னறிவிப்பு ஆகியவற்றோடு, சாவி கொடுக்கும் நாளின் மின்மீட்டர் அளவையும் மின்விசிறி, வெந்நீர்க் கொதிகலன், விளக்குகள், சாவிகள் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் பட்டியலாக இணையுங்கள். ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் படம்பிடித்து அன்றே இருவரும் பகிர்ந்துகொண்டால், நான்கு ஆண்டுக்குப் பின் சுவரில் இருக்கும் விரிசல் யாருடையது என்ற சண்டை எழாது.

ஏழாம் படி: நடத்துதல்

எந்தப் பழுது யாருடையது என்பதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே சொல்லியிருக்கிறது. எழுத்தில் வேறாக ஒப்புக்கொள்ளாதவரை, கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னலுக்கு வண்ணம், குழாய் மாற்றம், மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளருக்கு உரியவை. குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு, சுவிட்சு, பிளக் முனை, பூட்டு, சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருக்கு உரியவை. காலிசெய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கேள்வியின்றிப் பிடித்துக்கொள்ளும் நம் ஊர் வழக்கம் இந்த அட்டவணையோடு பொருந்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தண்ணீர் கசிகிறது என்று தொலைபேசி வந்தால் அன்றே பிளம்பரை அனுப்புங்கள். நம்பகமான பிளம்பர், எலக்ட்ரீஷியன் எண்களைக் குடியிருப்பவரிடமே கொடுத்து, ஆயிரம் ரூபாய் வரையிலான வேலையை என்னைக் கேட்காமலே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. வீட்டைப் பார்க்கப் போவதென்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். தனி மீட்டர் இருக்கும் வீட்டில், மின்வாரிய ரசீதில் உள்ளதையே குடியிருப்பவர் கட்ட வேண்டும். உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாமே விலை வைத்து, அரசு தரும் இலவச யூனிட்டுகளின் பயனையும் நாமே எடுத்துக்கொள்வது நேர்மையான வருமானம் ஆகாது.

வாடகை நிலுவை விழுந்தால் முதல் மாதமே பேசுங்கள். இரண்டு மாத நிலுவையை, எழுத்து மூலம் கேட்ட பின்னும் ஒரு மாதத்துக்குள் தராவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைக் கேட்கச் சட்டம் வழிவிடுகிறது. கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்தால் சட்டத்தை மீறியவர் நாமாகிவிடுவோம்.

வெள்ளமும் தீயும் உள்ளிட்ட பேரிடர்களுக்கு, 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவடிவப் பாலிசி போதுமானது. கட்டடத்துக்கு நாம் எடுக்கும் காப்பீடு குடியிருப்பவரின் பொருள்களுக்குப் பொருந்தாது என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எட்டாம் படி: வரி

வாடகை வருமானத்தில், நாம் அந்த ஆண்டு உண்மையில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிஞ்சியதில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் இல்லாமல் கழித்து, பிறகு வீட்டுக் கடன் வட்டியைக் கழிக்கலாம். மேற்சொன்ன வீட்டில் 2,04,000-இல் 6,000 போக 1,98,000. அதில் 59,400 கழிந்தால் 1,38,600. கடன் இல்லாதவருக்கு வரிக்குரிய தொகை இதுதான். 40 லட்சம் கடன் இருந்தால் முதலாண்டு வட்டியே சுமார் 3,37,000 ரூபாய் என்பதால் கணக்கு நட்டத்தில் முடியும். பழைய வரிமுறையில் அந்த நட்டத்தை ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய வரிமுறையில் முடியாது. வரிச் சலுகைக்காகவே கடன் வாங்கி வீடு வாங்கச் சொல்லும் பழைய அறிவுரை, புதிய முறைக்கு மாறியவர்களுக்குப் பொருந்தாமல் போனது இதனால்தான்.

மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் குடியிருப்பவர் 2 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். உரிமையாளர் சிங்கப்பூரிலோ துபாயிலோ வாழ்பவர் என்றால், வாடகை எவ்வளவு சிறிதானாலும் குடியிருப்பவர் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துக் கட்ட வேண்டிய கடமை எழுகிறது. இதை அறியாத குடும்பத்தின் மேல் பின்னாளில் நோட்டீஸ் வராமலிருக்க, உரிமையாளரே ஒப்பந்தத்தின்போது சொல்ல வேண்டும்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிட்டால், 5,000 ரூபாய்க்கு மிகாமல் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும்.

ஒன்பதாம் படி: சாவியைத் திரும்ப வாங்குதல்

முன்னறிவிப்பு வந்த அன்றே அடுத்தவருக்கு வீட்டைக் காட்டத் தொடங்கலாம், ஆனால் இருப்பவருக்கு வசதியான நேரத்தில் மட்டும். காலிசெய்வதற்கு ஒரு வாரம் முன்பே ஒருமுறை சேர்ந்து பார்த்து, பிடித்தம் ஏதாவது உண்டென்றால் அப்போதே தொகையோடு சொல்லிவிடுங்கள். சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடிக்கக் கூடாது. ஆணியடித்த துளைகள் தேய்மானம், உடைந்த கழுவுதொட்டி தேய்மானம் இல்லை. சட்டம் முன்பணத்தைத் திருப்பித் தர ஒரு மாதம் வரை அவகாசம் தருகிறது. ஆனால் காலிசெய்யும் நாளில் அந்தக் குடும்பம் வேறொரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு, சாமான் வண்டிக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதால், நான் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, சாவிகளை எண்ணி வாங்கி, வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் தொகையை அவர்கள் கணக்குக்கு அனுப்பிவிடுகிறேன்.